பவுடர் பூசிய டிராக்டர்

எங்கள் குடும்பத்தில் பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் எனக்குத்தான். சின்ன வயதில் கொடுத்தது, இன்னும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்றுகொள்கிற ஆள் நான். என் பிள்ளைகளே கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இடி, பல்லி, மாதா கோயில் திருவிழாவில் போடுகிற வேட்டு என்று நான் பயந்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது எங்கள் அப்பாவின் டிராக்டர்.

சாணார்பட்டியிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் எங்கள் ஊர். அப்பா அந்த டிராக்டரை எங்கள் காட்டில் ஓட்டியதைவிட ஊரார் காட்டில் ஓட்டியதுதான் அதிகம். உழவு ஓட்டுவார், எருக்குப்பை அடிப்பார், செம்மண் அடிப்பார். யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டி அது. சிவப்புப் பெயிண்ட் வெளிறி, கழுவாத தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது. மட்கார்டில் அந்தோணியார் படம் ஒட்டியிருக்கும். பின்னால் டிப்பர் பெட்டியை மாட்டி லீவரை இழுத்தால், பெட்டி தானாக மேலே எழும்பிக் குப்பையைக் கொட்டும். எஞ்சின் பக்கமிருந்து ரப்பர் பைப் வழியாக அழுத்தத்தோடு வருகிற ஆயில்தான் அதைத் தூக்குகிறது என்று அப்பா சொல்வார். அது எப்படி என்று எனக்கு விளங்கியதே இல்லை. எங்கள் வீட்டு எண்ணெய் அப்பளத்தைத் தவிர வேறு எதையும் தூக்கியதில்லை.

பயம் ஒரு கோழியிலிருந்து ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் அப்பா பெட்டியைத் தூக்கி நிறுத்தி உள்ளே கழுவிவிட்டு, அது காயட்டும் என்று அப்படியே விட்டுச் சாப்பிடப் போனார். எஞ்சின் ஓடவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை. நான் வேப்பமரத்தடியில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். எங்கள் கருப்புக் கோழி நிழலுக்காகப் பெட்டிக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் பெட்டி அசையாமல் நிற்கிறது என்றுதான் தோன்றும். வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் இறங்கியிருக்கும். மறுபடி பார்த்தால் இன்னும் கொஞ்சம். கோழியை விரட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கோழி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. நான் தொடவில்லை. இவ்வளவு நாளும் அப்பா ஓட்டினால்தான் அது ஓடும் என்று நினைத்திருந்தேன். இப்போது அது யாரும் இல்லாத நேரத்தில் தானாகவும் வேலை செய்யும் என்று தெரிந்துபோயிற்று. அதன் பிறகு அந்தப் பக்கமாகப் போக வேண்டியிருந்தால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவேன்.

அப்பாவுக்கும் கவலைதான், ஆனால் வேறு கவலை. டிராக்டருக்கு அடியில் ஆயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. பெட்டி பாதி வரை தூக்கும், நிற்கும், பிறகு மெல்ல இறங்கிவிடும். ஆடிக் காற்றோடு ஒரு மழை வேறு பெய்துவிட்டது. அடுத்த மழைக்குள் குப்பை அடித்துவிட வேண்டும் என்று ஊரில் ஆளாளுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை வேறு டிராக்டரைப் பிடித்தார்களென்றால் மறு வருஷம் நம்மிடம் வரவே மாட்டார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால் போதும், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. தொலைந்த ஆட்டையும் கம்மலையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார் என்பதால், ஆயில் ஒழுகுகிற இடத்தையும் கண்டுபிடித்துத் தரும்படி அம்மா அவருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

அந்தோணியார் வருவதற்கு முன்னால் மாமா வந்துவிட்டார்.

அம்மாவின் தம்பி. பஸ் நிற்கிற விலக்கில் சைக்கிளுக்கும் பைக்குக்கும் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தார். ட்யூபில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. எல்லாரும் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்கள். மாமா அதற்கு முன்னாலேயே, காற்றடித்த ட்யூபை உள்ளங்கைக்குள் மெல்ல ஓடவிட்டு இடத்தைச் சொல்லிவிடுவார். கைக்கும் தட்டுப்படாத பொடி ஓட்டை என்றால் என்னைக் கூப்பிடுவார். அவர் கன்னத்தில் எப்போதும் முள்ளுத்தாடி. காற்று வருவது அதில் தெரியாதாம். என் கன்னத்தை ஒட்டி ட்யூபை நகர்த்திக்கொண்டே போவார். ஊசி முனைபோல ஒரு சில்லிப்பு படும். "இங்க மாமா" என்பேன். அந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, "எங்க பாப்பா கன்னம் மிசினுடா" என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிக் கடலை மிட்டாய் வாங்கித் தருவார். நான் பயப்படாமல் செய்த ஒரே வேலை அதுதான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்ததும் அப்பாவும் மாமாவும் டிராக்டர் வேலையில் இறங்கினார்கள். டீசலைத் துணியில் நனைத்து ஒவ்வொரு இடமாகத் துடைத்தார்கள். துடைத்த பிறகு மாமா வீட்டுக்குள் வந்தார். அலமாரியில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். ஈரம் கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் யோசனை. அது நல்ல யோசனைதான். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன்டா தம்பி, அது நேத்துத்தான்டா வாங்குனது!"

"செத்த நேரம் பொறுக்கா. கலியாணப் பொண்ணு கணக்கா ஆக்கித் தாரேன்."

டப்பா முழுவதும் காலியானது. பம்பு, நட்டு, பைப், அந்தோணியார் படம் எல்லாம் வெள்ளை. பூசைக்காக எனக்கும் அன்று அம்மா முகம் நிறையப் பவுடர் போட்டுவிட்டிருந்தாள். மாமா என்னையும் டிராக்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் அக்கா தங்கச்சிதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளை முகத்தோடு அது முன்னைவிடப் பயமாக இருந்தது.

அப்பா எஞ்சினை ஓடவிட்டு லீவரை இழுத்தார். பம்புப் பக்கம் ஒரு நட்டைச் சுற்றிப் பவுடர் பழுப்பாக நனைந்தது. அகப்பட்டது என்று நூல் சுற்றி முறுக்கினார்கள். மறுபடி ஓட்டினார்கள். அந்த நட்டு காய்ந்தே இருந்தது, ஆனால் பெட்டி பழையபடி பாதியில் நின்றது. வேறு எங்கும் சொட்டு விழவில்லை. அப்பா கீழே விரித்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. மாமா மட்டும் பெட்டியின் அடித்தகட்டைத் தடவிப் பார்த்தார். அது முழுவதும் வியர்த்ததுபோல ஆயில் படிந்திருந்தது.

"மச்சான், இது ஒழுகல் இல்ல. பஞ்சரு. ரப்பர் பைப்புல பொடி ஓட்டை விழுந்து பொகையா அடிக்குது."

அவர் சொன்னது சரி. அதுதான் பிறகு எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது, அவர் சொன்னது முழுக்கச் சரி. பைப் நெடுக ஆயில் பூத்திருந்ததால் ஓட்டை எந்த இடத்தில் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எஞ்சின் இரைச்சலில் காதுக்கும் கேட்கவில்லை. பஞ்சர் கடையில் இந்த இடத்தில் என்ன செய்வார்களோ, அதைத்தான் மாமா செய்தார்.

"பாப்பா, இங்க வா. கன்னத்த வச்சுச் சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தடுக்கவில்லை. அம்மாவும் வாசலில் நின்றுகொண்டு, "போத்தா, மாமா கூப்புடுறான்ல" என்றாள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் செய்கிற வேலைதானே.

போனேன். மிசின் என்று பேர் எடுத்தவள் போகாமல் இருக்க முடியுமா? மாமா என் தோளைப் பிடித்து, பைப் பக்கமாகக் குனியவைத்தார். டீசல் வாடையும் பவுடர் வாசனையும் சேர்ந்து குமட்டியது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா லீவரை இழுத்தார்.

பைப் எழுந்தது. தொளதொளவென்று கிடந்த ரப்பர், உள்ளே ஆயில் ஏறியதும் விறைத்துக்கொண்டு ஒரு துள்ளு துள்ளியது. நான் கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்குக் கிட்டே அது நடுங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பெட்டி முனகிக்கொண்டு எழும்பியது. எனக்குக் கோழி ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். மாமாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். கிணற்று மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்த்தான் நின்றேன்.

"விடு மாப்ள. அது பயந்தாங்கொள்ளி" என்று அப்பா சொன்னது அங்கே வரை கேட்டது. மாமா சிரித்தார். பிறகு கூப்பிடவில்லை.

செங்கல் சந்து வழியாகப் பார்த்தேன். முள்ளுத்தாடியை ஒரு தடவை தடவிவிட்டு, மாமா தன் வலது கையை நீட்டினார். ட்யூபைத் தடவுவதுபோலவே, ஆள்காட்டி விரலை முன்னால் விட்டு, பைப்பின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். பாதி வழியில் "ஸ்ஸ்" என்று கையை இழுத்தார். உடனே முகமெல்லாம் சிரிப்பு.

"சிக்கிருச்சு மச்சான்! இந்தா, இங்கதான்!"

விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. அம்மா மஞ்சள் வைக்க வந்ததற்கு, "இதுக்கெல்லாமாக்கா" என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஓட்டைக்கு மேல் ட்யூப் ரப்பரைச் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டிப் பார்த்தார். லீவரை இழுத்ததும் ரப்பர் துண்டு துண்டாகத் தெறித்தது. புது பைப்தான் போட வேண்டும் என்று முடிவாகி, அப்பா திண்டுக்கல்லில் இருந்த மெக்கானிக் பாய்க்கு போன் போட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா இடது கையில் தட்டை வாங்கினார். வலது கை விரல் மரத்துப்போய்விட்டதாம். சாப்பாட்டைப் பிசைந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தார். அது கொஞ்சம் வெளுத்து உப்பியிருந்தது. "வண்டுகிண்டு கடிச்சிருக்குமோ" என்றார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இன்னும் வேண்டுமா என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நான் கதவு ஓரமாகவே உட்கார்ந்து சாப்பிட்டேன். என்மேல் கோபமாக இருக்கிறார், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்தேன்.

பாய் வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. தோளில் புது பைப்பை மாலைபோல மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கியவர், டிராக்டரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று சிரித்தார்.

"என்னண்ணே, வண்டிக்கு நிக்காஹ் ஏதும் வச்சிருக்கீங்களா?"

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எஞ்சினை ஓட்டிப் பெட்டியைத் தூக்கிக் காட்டியபடி, காலையில் நடந்ததை எல்லாம் விவரமாகச் சொன்னார். நட்டு, பவுடர், புகை. கடைசியாக, "நம்ம மாப்ள கைய வச்சே ஓட்டையக் கண்டுபுடிச்சுட்டாரு பாய்" என்றார்.

பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"கைய வச்சா? எஞ்சின் ஓடும்போதா?"

"ஆமா பாய்."

"எங்க அவரு?"

மாமா உள்ளேயிருந்து வந்தார். பாய் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல் முழுவதும் வீங்கி, உள்ளங்கை வரை விறைத்திருந்தது. பாய் தன் கட்டைவிரலால் மெல்ல ஒரு அழுத்து அழுத்தினார். மாமா கத்தியதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பெரிய ஆட்கள் அப்படிக் கத்துவார்கள் என்றே எனக்குத் தெரியாது.

"யா அல்லா" என்றார் பாய். பைப்பைத் தரையில் போட்டார். "அண்ணே, வண்டில ஏறுங்க. இவர நடுவுல உக்கார வைங்க. ஆயிலு ஊசி போட்ட மாதிரி உள்ள போயிருச்சு. வெளிய புள்ளிதான் தெரியும், உள்ள கையே அழுகிப்போகும்."

"இம்புட்டூண்டு புள்ளி பாய்..." என்று அப்பா இழுத்தார்.

"அதான்ணே பயமே. ஆஸ்பத்திரில குத்திருச்சுன்னு சொல்லாதீங்க. பிரஷர்ல ஆயிலு ஏறிருச்சுன்னு சொல்லுங்க. மொதல்ல ஏறுங்க!"

அம்மா, "தம்பி கை போயிருமா பாய்?" என்று கேட்டாள். பாய் கிக்கரை உதைத்தார். மாமா நடுவில் உட்கார்ந்து, வலது கையை யாருடையதோ போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புது பைப் வாசலில் சுருண்டு கிடந்தது. அம்மாவும் நானும் மட்டும் நின்றோம்.

அவசரத்தில் எஞ்சினைத்தான் நிறுத்தினார்கள். தூக்கிய பெட்டியை இறக்கவில்லை, முட்டும் கொடுக்கவில்லை. அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். நானும் அவள் பக்கத்தில் நின்றேன். வாய் ஜெபம் சொன்னது, கண் ஜன்னலுக்குப் போனது. மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் டிராக்டர் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பெட்டி கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுபடி பார்த்தேன், இன்னும் கொஞ்சம். அது கோழியை எப்படி எடுத்ததோ அப்படியே மாமாவின் கையையும் எடுக்கிறது, பெட்டி முழுவதும் இறங்கிவிட்டால் கை போய்விடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்குப் போலவே சத்தம் வரவில்லை. வெளியே இரும்பு இரும்பின் மேல் உட்காருகிற சத்தம் கேட்டது. அம்மா திடுக்கிட்டு ஜெபத்தை நிறுத்தினாள். நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

கை போகவில்லை. திண்டுக்கல்லில் பார்த்து மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளங்கையைத் திறந்து திறந்து ஆயிலைக் கழுவினார்களாம். பாய் அன்றைக்கு வந்து பார்த்திருக்காவிட்டால் முழங்கைக்குக் கீழே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொன்னார். ஆள்காட்டி விரலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அப்பா டிராக்டருக்குப் புது பைப் போட்டார், ஊராருக்குக் குப்பையும் அடித்தார். மழையில் பவுடர் எல்லாம் கரைந்துபோயிற்று.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில் பெரிய கட்டு. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கூப்பிட்ட வேலையைச் செய்யாமல் ஓடியதற்குத் திட்டுவார் என்று பயம்.

"பாப்பா, இங்க வா" என்றார். அன்றைக்குக் கூப்பிட்ட அதே மாதிரி.

மெல்லப் போய் நின்றேன். இடது கையால் என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் என் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தார். காதுப் பக்கத்திலிருந்து கண்ணுக்குக் கீழே வரைக்கும் தேய்த்துப் பார்த்தார். பிறகு அடுத்த கன்னத்தைத் திருப்பினார். எதைத் தேடுகிறார் என்று யோசித்தேன். டப்பா காலியானதிலிருந்து எங்கள் வீட்டில் பவுடர் பேச்சு எடுத்தாலே அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். அதுதானோ என்னவோ என்று நினைத்து, "இன்னைக்குப் பவுடரு போடல மாமா" என்றேன்.

மாமா தலை குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கை வலிக்கிறது போல என்று நினைத்தேன். பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா, இத யாரும் மாத்திறாதீங்க. பயந்தாங்கொள்ளியாவே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யார் சொன்னாலும் போகட்டும், என்னை மிசின் என்று சொன்ன மாமாவும் அப்படிச் சொல்லிவிட்டாரே. கையை உதறிக்கொண்டு வெளியே போனேன். அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும், அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.